அந்தக் கடிகாரத்தை மறைக்காதீர்கள்: பழங்குடி ஊர்களில் படம் எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

1910-இல் எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற புகைப்படக்காரர், வட அமெரிக்காவின் பீகன் பழங்குடிக் கூடாரம் ஒன்றில் இருவரை உட்கார வைத்துப் படம் எடுத்தார். இருவருக்கும் நடுவே தரையில் ஓர் அலாரம் கடிகாரம். அச்சில் வந்த படத்தில் அது இல்லை, அழித்துவிட்டார்கள். திருத்தாத மூலப் படம் தப்பிப் பிழைத்ததால்தான் விஷயம் நமக்குத் தெரிகிறது.

நூறு வருஷம் கழித்தும் அதையேதான் செய்கிறோம். "வாட்சைக் கொஞ்சம் கழற்றுங்களேன்", "பனியனை மாற்றிவிட்டு அந்தப் பழைய உடையில் வாங்களேன்" என்கிறோம். முகத்தில் பச்சை குத்திய பாட்டியை எடுக்கிறோம். பக்கத்தில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் பேத்தியை வெட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால் இதுதான் தவறுகளிலேயே பெரியது. பாட்டியும் பேத்தியும் ஒரே திண்ணையில் இருப்பதுதான் அந்த ஊரின் இன்றைய கதை. போதாததற்கு, "அழிந்துவரும் இனத்தின் கடைசி முகம்" என்று கீழே எழுதுகிறோம். அதே பேத்தி நாளைக்குத் தன் செல்போனில் அதைப் படிப்பாள்.

அடுத்தது அனுமதி. சிரித்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று சிரிப்பவர்கள் உண்டு. கேமராவைத் தூக்கியதும் தோள் இறுகுகிறதா, கை தன்னையறியாமல் துணியை இழுத்து விடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். வழிகாட்டி "எடுங்க சார், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பார். அவர் பிழைப்பு உங்கள் கையில் இருக்கிறது. அவர் சொல்வது படத்துக்கு நிற்பவரின் சம்மதம் ஆகாது. தூரத்தில் நின்று ஜூம் செய்வதும் கேட்காமல் எடுப்பதுதான். குழந்தைகள் என்றால் பெற்றவர்களைக் கேளுங்கள். மிட்டாய் கொடுத்து நிற்க வைக்காதீர்கள்.

எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் முர்சி மக்கள் படத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்பார்கள். சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள் என்றால் வழக்கத்தைவிடக் கூடுதலாக அலங்கரித்துக்கொள்வதும் உண்டு. "எல்லாம் வியாபாரமாகிவிட்டது" என்று வந்தவர்கள் அலுத்துக்கொள்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. முன்பின் தெரியாதவர்களுக்காக வெயிலில் நிற்பதும் உழைப்புதானே? எத்தனை படம், எவ்வளவு பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு பேரம் பேசுவது அசிங்கம்.

சில இடங்களில் கேமராவையே வெளியே எடுக்கக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹோப்பி பழங்குடியினரின் ஊர்களில் படம் எடுக்க மட்டுமல்ல, பார்த்து வரையவும் தடை. அந்தமானில் ஜாரவா மக்களைப் படம் எடுப்பது சிறை செல்லக்கூடிய குற்றம். அங்கே அனுமதி கேட்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில் இறந்தவரின் படத்தைக் காட்டுவது துக்கத்தைக் கிளறும் செயல். அதனால் பழைய படத்தை மறுபடி வெளியிடும் முன் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். எந்த ஊரானாலும் சடங்கு நடக்கும் இடம் என்றால் கேட்டுவிட்டே கேமராவைத் தொடுங்கள்.

வெளியிடும்போது, படம் எங்கே எடுத்தது என்று காட்டும் இருப்பிடக் குறியை நீக்கிவிடுங்கள். "படம் அனுப்புகிறேன்" என்று சொல்லியிருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். முகவரியை, இல்லையென்றால் அந்தப் பேத்தியின் செல்போன் எண்ணை, கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிக்குத் திரையில் காட்டினால் போதாது. காகிதத்தில் அச்சுப் போட்டு, பேத்தியும் இருக்கிற படமாகப் பார்த்து அனுப்புங்கள்.