சுவீடனில் ஒரு செமஸ்டர்: பரிமாற்ற மாணவராகப் போகிறவர்களுக்கு

சுவீடனில் பட்டம் படிக்கப் போவது வேறு, பரிமாற்ற மாணவராகப் போவது வேறு. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பட்டப்படிப்புக்கு வருகிறவர்கள் 2011 இலையுதிர் காலத்திலிருந்து அங்கே கல்விக் கட்டணம் கட்டித்தான் படிக்கிறார்கள். பரிமாற்ற மாணவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. உங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கும். ஊரில் கட்ட வேண்டிய ஃபீஸை ஊரிலேயே கட்டிவிட்டு, ஒரு செமஸ்டரோ இரண்டோ அங்கே படித்துவிட்டு, கிரெடிட்டோடு திரும்பி வருவீர்கள். செலவு பெரும்பாலும் விமானம், வாடகை, சாப்பாடு.

நான் இலையுதிர் செமஸ்டர் ஒன்றை உப்சாலா என்ற பல்கலைக்கழக நகரத்தில் படித்தேன். அங்கே போய் முதலில் புரிந்துகொண்டது இதுதான்: சுவீடனில் யாரும் உங்களைக் கூப்பிட்டு “இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா” என்று கேட்க மாட்டார்கள். பாடமோ தேர்வோ அறையோ, துணி துவைக்கும் இயந்திரமோ கூட, எதுவானாலும் நீங்களாகப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி நடக்கும். கொடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. கீழே உள்ளதெல்லாம் எங்கே, எப்போது பெயர் கொடுப்பது என்பதைப் பற்றித்தான்.

படி 1: ஒப்பந்தம் யாரோடு என்று பாருங்கள்

போக நினைக்கும் செமஸ்டருக்கு ஓராண்டு முன்பே கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்குப் போங்கள். “சுவீடனோடு ஒப்பந்தம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தத் துறைக்கு, எந்த நிலைக்கு, எத்தனை இடம் என்று கேளுங்கள். பல ஒப்பந்தங்கள் பல்கலைக்கழகம் முழுவதற்குமானவை அல்ல, ஒரே ஒரு துறைக்கானவை. இயற்பியல் துறை போட்ட ஒப்பந்தத்தில் வணிகவியல் மாணவர் போக முடியாது. அந்த ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். வந்தால் மாதாந்தர உதவித்தொகையும் பயணப்படியும் கிடைக்கும்.

அப்புறம், உங்களை உங்கள் கல்லூரிதான் முதலில் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பெயர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கிருந்து விண்ணப்பிக்கச் சொல்லி உங்களுக்கு மின்னஞ்சல் வரும். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் செமஸ்டருக்கு மார்ச், ஏப்ரலிலும், ஜனவரியில் தொடங்கும் செமஸ்டருக்கு செப்டம்பர், அக்டோபரிலும் பெரும்பாலும் இந்த வேலைகள் நடக்கும்.

படி 2: பாடங்களைத் தேர்ந்தெடுப்பது

ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். இது ஐரோப்பா முழுவதும் செல்லும் அதே கிரெடிட் கணக்குதான். செமஸ்டர் என்பது சுமார் 20 வாரம், அதாவது வாரத்துக்கு ஒன்றரை கிரெடிட். நம் ஊரில் ஆறு பாடத்தைச் சேர்த்து நடத்தி, கடைசியில் ஆறு தேர்வையும் ஒரே மூச்சில் வைப்பார்கள். அங்கே பல துறைகளில் ஒரு நேரத்துக்கு ஒரு பாடம்தான். 7.5 கிரெடிட் பாடம் ஐந்து வாரத்தில் தொடங்கி, நடந்து, தேர்வும் வைத்து முடிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை அடுத்த பாடம். சில துறைகளில் இரண்டு பாடங்கள் பத்து வாரம் இணையாக ஓடும். அதனால் தேர்ந்தெடுக்கும்போது பாடத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், எந்த வாரத்திலிருந்து எந்த வாரம் வரை நடக்கிறது என்று பாருங்கள். ஒரே ஐந்து வாரத்தில் இரண்டு முழுநேரப் பாடங்களை எடுத்துவிட்டுத் திணறியவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ‘கூர்ஸ்ப்லான்’ என்று ஒரு பாடத்திட்ட ஆவணம் உண்டு. முன்கூட்டியே என்ன படித்திருக்க வேண்டும், தேர்வு எழுத்துத் தேர்வா கட்டுரையா, மதிப்பெண் முறை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். இடம் கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டு மூன்று மாற்றுப் பாடங்களையும் குறித்து வையுங்கள்.

இந்தப் படியில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது மதிப்பெண்ணைப் பற்றி. உப்சாலாவில் பல பாடங்களில் மூன்றே தரங்கள்: தேறவில்லை, தேறினார், சிறப்பாகத் தேறினார். பொறியியல் பாடங்களில் 3, 4, 5 என்று தருவார்கள். வேறு சில பல்கலைக்கழகங்களில் ஆங்கில எழுத்துத் தரங்கள். நூற்றுக்கு எத்தனை என்பது எங்கும் வராது. உங்கள் கல்லூரியோ நூற்றுக்கு எத்தனை என்று கேட்கும். ‘சிறப்பாகத் தேறினார்’ என்பதை எத்தனை மதிப்பெண்ணாக எழுதுவார்கள், எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாக “பார்த்துக்கலாம்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வரும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம்.

இன்னொன்று. இலையுதிர் செமஸ்டர் கிறிஸ்துமஸோடு முடிவதில்லை, ஜனவரி நடு வரை போகும். கடைசித் தேர்வு எப்போது என்று பார்த்த பிறகு திரும்பும் டிக்கெட்டை எடுங்கள்.

படி 3: குடியிருப்பு அனுமதி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் படிக்க, ‘மிக்ரேஷன்ஸ்வெர்கெத்’ எனப்படும் குடியேற்ற அமைப்பிடம் குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கையில் கிடைத்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். சில வாரத்திலும் வரலாம், சில மாதமும் ஆகலாம்.

இதில் மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். ஒன்று, பணம். தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இவ்வளவு என்று காட்ட வேண்டும். 2025-இல் அது மாதத்துக்கு 10,584 குரோனா (சுவீடனின் நாணயம்). ஐந்து மாதம் என்றால் 52,920 குரோனா. ஆண்டுதோறும் இந்தத் தொகை மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்க வேண்டும். அப்பாவின் கணக்குப் புத்தகத்தையும் “என் மகன் செலவை நான் ஏற்கிறேன்” என்ற கடிதத்தையும் வைத்தால் போதாது. வீட்டில் பணம் தருவதாக இருந்தால் முன்பே உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். உதவித்தொகை கிடைத்திருந்தால் அதன் கடிதத்தையும் சேருங்கள்.

இரண்டு, காப்பீடு. ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குகிறவர்கள் முழுமையான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். ‘காமர்கொல்லேகியெத்’ என்ற அரசு அமைப்பு வழியாகப் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் பரிமாற்ற மாணவர்களுக்குக் காப்பீடு எடுத்து வைக்கின்றன. தனியாகப் பணம் கொடுத்து வாங்குவதற்கு முன், அதற்கான சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மூன்று, கடவுச்சீட்டு. அனுமதியைக் கடவுச்சீட்டு காலாவதியாகும் நாளைத் தாண்டித் தர மாட்டார்கள். முடியப் போகிறதென்றால் புதுப்பித்த பிறகு விண்ணப்பியுங்கள்.

படி 4: அறை

சுவீடனின் பல்கலைக்கழக நகரங்களில் அறை கிடைப்பது கஷ்டம். உப்சாலாவிலும் லுண்டிலும் மாணவர் வீடுகளுக்கு நீண்ட வரிசை இருக்கிறது. பரிமாற்ற மாணவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: பல பல்கலைக்கழகங்கள் ஓரளவு அறைகளை வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனியாக வைத்திருக்கும். அதற்கு விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு. சேர்க்கை மின்னஞ்சலில் எங்கோ ஒரு வரியில் அந்தத் தேதி இருக்கும். அதைத் தேடி எடுத்து நாட்காட்டியில் குறியுங்கள். தவறவிட்டால் வெளியில்தான் தேட வேண்டும். அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் போடாமல், முன்பணம் அனுப்பச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்தே இந்த மோசடி நடக்கிறது.

பெரும்பாலும் கிடைப்பது காரிடார் அறை. ஒரு நீண்ட நடை, அதன் இருபக்கமும் அறைகள், எல்லோருக்கும் ஒரு சமையலறை. குளிர்பெட்டியில் உங்களுக்கு ஒரு தட்டு, அலமாரியில் ஒரு கதவு. உப்சாலாவில் ஃப்லோக்ஸ்தா என்ற பகுதி முழுக்க இப்படி மாணவர் கட்டடங்கள்தான். இரவு பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து எல்லோரும் ஒன்றாகக் கத்துவது அங்கே பல்லாண்டுப் பழக்கம். முதல் இரவு கேட்டுவிட்டுப் பயந்துவிடாதீர்கள்.

படி 5: போய் இறங்கிய வாரம்

உப்சாலாவுக்குப் போகிறவர்கள் ஆர்லாண்டா விமான நிலையத்தில் இறங்கினால் ரயிலில் இருபது நிமிடம்தான். லுண்டுக்குப் போகிறவர்களுக்கு டென்மார்க்கின் கோபன்ஹேகன் விமான நிலையமே பக்கம். கடல் பாலத்தின் வழியாக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

சுவீடனில் ஆளுக்கொரு அடையாள எண் உண்டு, ‘பெர்சூன்நும்மர்’ என்பார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தங்குகிறவர்களுக்குத்தான் அதைத் தருவார்கள். ஒரு செமஸ்டர் மாணவருக்குக் கிடைக்காது. அந்த எண் இல்லாவிட்டால் இணையத்தில் அடையாளம் காட்டும் பாங்க்ஐடி இல்லை, பாங்க்ஐடி இல்லாவிட்டால் எல்லோரும் பணம் அனுப்பிக்கொள்ளும் சுவிஷ் செயலியும் இல்லை. நோட்டு, சில்லறையைப் பல கடைகளில் வாங்குவதே இல்லை. எனவே வெளிநாட்டில் வேலை செய்யும் வங்கி அட்டைகள் குறைந்தது இரண்டை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், வெவ்வேறு வங்கியுடையதாக. ஒன்று முடங்கினால் இன்னொன்று சோறு போடும்.

முதல் வாரத்திலேயே ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிடுங்கள். இருட்டில் ஓட்டும்போது முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி வேண்டும். டிசம்பர் நடுவில் உப்சாலாவில் காலை ஒன்பதுக்குச் சற்று முன் விடிந்து, மதியம் மூன்றுக்குள் இருட்டிவிடும் என்பதால் அந்த விளக்கு காலையிலும் மாலையிலும் தேவைப்படும்.

படி 6: வகுப்பும் தேர்வும்

அட்டவணையில் 10 மணி என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். இதைக் ‘கல்விக் கால்மணி’ என்பார்கள். 10.15 என்றே எழுதியிருந்தால் அது 10.15தான்.

பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சார், மேடம் எதுவும் கிடையாது. 1967-இல் பிரோர் ரெக்சேத் என்பவர் அந்நாட்டு மருத்துவ நிர்வாகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபோது, அலுவலகத்தில் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்கப் போவதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் பரவிய மாற்றம் அது. எனக்கு மூன்று வாரம் நாக்கு எழவில்லை. மின்னஞ்சலில் “அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு” என்று நீட்டி எழுதுவேன். பதில் ஒரு வரியில், கீழே முதல் பெயர் மட்டும் போட்டு வரும். அதில் அலட்சியம் எதுவும் இல்லை. நீங்களும் அப்படியே எழுதலாம் என்பதுதான் அதன் பொருள்.

செமினார் வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். கட்டுரைகளை முன்பே படித்துவிட்டு வந்து பேச வேண்டும். ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பார். அந்த மௌனம் நமக்கு நெருப்பு மேல் நிற்பதுபோல் இருக்கும். அவர்களுக்கு அது யோசிக்கும் நேரம், அவ்வளவுதான். “எனக்கு இந்தப் பகுதி புரியவில்லை” என்று சொல்வதும் பங்கெடுப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். நான் பேசத் தொடங்கியதே அந்த வாக்கியத்தில்தான்.

அடுத்தவர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்துப் போட்டால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும், ஆறு மாதம் வரை இடைநீக்கம் செய்யலாம். ஒரு செமஸ்டர் மாணவருக்கு அத்தோடு எல்லாம் முடிந்தது.

எழுத்துத் தேர்வை ‘தெந்தா’ என்பார்கள். ‘லடோக்’ என்ற இணையத்தளத்தில் பாடத்துக்கு ஒரு முறை பதிய வேண்டும், தேர்வுக்குத் தனியாக இன்னொரு முறை பதிய வேண்டும். தேர்வுப் பதிவு ஒன்றிரண்டு வாரம் முன்பே முடிந்துவிடும். வகுப்புக்கு ஒழுங்காகப் போனவர் பெயர் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் தேர்வுக்கு இரண்டு நாள் முன் பக்கத்து அறைத் தோழி “பதிந்துவிட்டாய்தானே?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அந்தத் தேர்வை அப்போது எழுத முடியவில்லை. மறுதேர்வு உண்டு, நம் ஊர் அரியர் போல அவமானமாக யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு பாடத்துக்கு ஒன்றாகப் படிக்க வேண்டிவந்தது.

தேர்வுக் கூடம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நான்கைந்து மணி நேரத் தேர்வு. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தால், பக்கத்து மேசையில் வாழைப்பழம், ரொட்டி, ஃபிளாஸ்கில் காபி எல்லாம் வரிசையாக எடுத்து வைக்கிறார் ஒருவர். விடைத்தாளில் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் யோசித்து யோசித்து எழுதுகிறார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில் வேகவேகமாகப் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். பக்கக் கணக்குக்கு அங்கே மதிப்பில்லை, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

படி 7: வகுப்புக்கு வெளியே

உப்சாலாவில் ‘நேஷன்’ எனப்படும் மாணவர் சங்கங்கள் 13 இருக்கின்றன, லுண்டிலும் 13. சுவீடனின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வந்த மாணவர்கள் பல நூற்றாண்டுக்கு முன் தங்களுக்குள் கூடத் தொடங்கியவை. 2010 வரை கட்டாயம் சேர வேண்டியிருந்தது, இப்போது விருப்பம். எந்த நாட்டு மாணவரும் எதிலும் சேரலாம். ஆனாலும் தவறாமல் சேருங்கள். மலிவான சாப்பாடு, பாட்டுக் குழு, நூலகம் எல்லாம் அங்கே இருக்கிறது. உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, அங்கே வேலை செய்யப் பெயர் கொடுங்கள். நான் வியாழக்கிழமைகளில் சமையலறையில் வெங்காயம் உரித்தேன். வகுப்பில் மூன்று மாதம் பேசாத சுவீடன் மாணவர்கள் அந்த மேசையைச் சுற்றி நின்றபோது பேசினார்கள். கையில் ஒரு வேலை இருந்தால் அவர்களுக்குப் பேச்சு வருகிறது.

துணி துவைக்கும் அறைக்கும் முறை இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் சுவரில் ஒரு பலகை, நாளுக்கும் நேரத்துக்கும் ஒரு துளை. அறை எண் பொறித்த சின்னப் பூட்டு உருளையை உங்களுக்குத் தருவார்கள். வேண்டிய நேரத்தின் துளையில் அதைச் செருகிப் பூட்டிவிட்டால் அந்த நேரம் உங்களுடையது. முடித்ததும் உலர்த்தியின் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை எடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அந்நாட்டு மனிதர்கள் கோபப்பட்டு நான் பார்த்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் 1177-ஐ அழைத்தால் செவிலியர் பேசுவார். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

படி 8: கிளம்பும் முன்

லடோக்கில் எல்லாப் பாடங்களின் முடிவும் ஏறிவிட்டதா பாருங்கள். ஏறாதது இருந்தால் அந்த ஆசிரியருக்கு எழுதுங்கள். மதிப்பெண் சான்றிதழை அங்கேயே இறக்கி இரண்டு மூன்று இடத்தில் சேமியுங்கள். பல்கலைக்கழகக் கணக்கு சில காலம் கழித்து மூடப்பட்டுவிடும். அறையைக் காலிசெய்யும்போது அடுப்பின் பின்பக்கம், குளிர்பெட்டியின் உறைபனி வரைக்கும் சுத்தம் செய்து காட்ட வேண்டும், அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சைக்கிளை விற்கவும் ஜனவரி நல்ல காலம். அடுத்த செமஸ்டர் மாணவர்கள் அந்த வாரம்தான் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். விளக்குகளைக் கழற்றாமல் கொடுங்கள்.