முடியைப் பார்த்து சாப்பாட்டைச் சொல்வது எப்படி?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் அரிசியும் மீனும் வாங்கிச் சமைக்கிறவர் மக்காச்சோளத்தைத் தொட்டே வருஷமாகியிருக்கும். ஆனாலும் அவர் தலைமுடியில் மக்காச்சோளத்தின் தடயம் இருக்கலாம். ஆள் பொய் சொல்லவில்லை, வாரம் இருமுறை கோழிச் சோறு சாப்பிடுகிறார், அந்தக் கோழி தின்ற தீவனம்தான் அது.

இதைக் கண்டுபிடிப்பது கார்பன் 13, நைட்ரஜன் 15 என்ற இரண்டு கனமான ஐசோடோப்புகளை வைத்து. ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு. கார்பனில் 13 சுமார் 1.1 சதவீதம், நைட்ரஜனில் 15 வெறும் 0.37 சதவீதம், இரண்டும் சிதையாதவை. ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தை வைத்துச் செடிகளை சி3, சி4 என்று பிரிப்பார்கள். நெல், கோதுமை போன்ற சி3 செடிகள் கனமான கார்பனை அதிகம் ஒதுக்கிவிடும், அவற்றின் டெல்டா மதிப்பு, அதாவது ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டால் கனமான அணு எவ்வளவு கூடக்குறைய என்று சொல்லும் எண், சுமார் -27. மக்காச்சோளம், கரும்பு, கேழ்வரகு, கம்பு எல்லாம் சி4, சுமார் -12. அலகு ஆயிரத்தில் ஒரு பங்கு. நைட்ரஜனின் டெல்டா மதிப்போ உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் 3 முதல் 4 வரை கூடும்.

சரி, முடியில் ஆரம்பிப்போம். முதலில் ஆளிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பின்மண்டையில் தோலை ஒட்டி ஒரு சிறு கற்றை வெட்டி, வேர்ப்பக்கம் எது என்று உடனே நூல் கட்டிவிடுங்கள், அப்புறம் பார்த்தால் இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வதால் சென்டிமீட்டர் வாரியாக நறுக்கினால் மாதக் கணக்கு கிடைக்கும். ஊருக்குப் போய் இரண்டு மாதம் கேழ்வரகுக் களி சாப்பிட்டு வந்தவர் முடியில் அது தெரியுமா என்று கேட்டால், கொஞ்சம் தெரியலாம், ஆனால் முடி புரதம், களியைவிடத் தொட்டுக்கொண்ட கருவாடுதான் அதில் அதிகம் பேசும்.

எண்ணெயை நீக்குவதில் சோம்பல் கூடாது. குளோரோஃபார்ம் 2 பங்கு, மெத்தனால் 1 பங்கு, புகை உறிஞ்சும் அறைக்குள் வைத்துக் கழுவுங்கள். தேங்காயெண்ணெய்த் தலை என்றால் திரும்பவும் ஒருமுறை. கொழுப்பில் கார்பன் 13 குறைவு, மிச்சம் இருந்தால் மதிப்பைக் கீழே இழுத்துவிடும். பிறகு அரை மில்லிகிராம் எடுத்து வெள்ளீயக் குப்பியில் போட்டு இடுக்கியால் மடிக்க வேண்டும். ஏர்கான் காற்றில் முடித்துணுக்கு நிலைமின்சாரம் ஏறி இடுக்கியில் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் பறந்தே போகும், நான் இதில் தொலைத்த மதியங்கள் நிறைய. எரித்து அளப்பதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது எடை வாரியாகப் பிரித்து அளக்கும் கருவி, பார்த்துக்கொள்ளும். கார்பன், நைட்ரஜன் அணு விகிதம் 3.0க்கும் 3.8க்கும் வெளியே வந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப்போடுங்கள்.

என்னைக் கேட்டால் இதெல்லாம் சுலபம். கஷ்டம் ஒப்பிடுவதில்தான். சிங்கப்பூரில் பெரும்பாலான உணவு வெளியிலிருந்து வருகிறது, இங்குள்ள மண்ணை அளந்து பயனில்லை. அவர் வாங்கும் அதே கடையிலிருந்து அரிசி, கோழி, மீன், பருப்பு வாங்கி அவற்றையும் அளக்க வேண்டும். பருப்புச் செடி காற்றிலிருந்தே நைட்ரஜன் எடுப்பதால் மதிப்பு 0 பக்கம் இருக்கும், சாம்பார்க்காரர் முடியில் நைட்ரஜன் தாழ்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு கண்ணி, கடல்மீனின் கார்பன் சி4 பக்கம் சாயும். அதை மக்காச்சோளம் என்று எழுதிவிடாமல் நைட்ரஜனைப் பாருங்கள், மீன் என்றால் அது உயர்ந்திருக்கும். சி3, சி4 என்று மூலம் இரண்டே என்றால் கணக்கு எளிது: உடல் சேர்க்கிற வித்தியாசத்தைக் கழித்தபின் -19.5 வந்தால் பாதிக்குப் பாதி.

சுற்றுச்சூழலுக்கும் இதே வழிதான். சுங்கை பூலோ சதுப்புநிலத்து அலையாத்தி இலை -28 பக்கம், கடற்புல் -10 பக்கம், நண்டு இரண்டில் எதை நம்பி வாழ்கிறது என்று பார்க்கலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். ஃபார்மலினில் போடாமல் உறைய வையுங்கள், தசையை மட்டும் எடுங்கள். ஓட்டுத் துணுக்கு கலந்தால் அதிலுள்ள கார்பனேட் கார்பன் மதிப்பை ஏற்றிவிடும். அமிலத்தில் கரைத்து நீக்கலாம், ஆனால் அமிலம் நைட்ரஜனைக் கெடுக்கக்கூடும் என்பதால் அதற்கு அமிலம் படாத இன்னொரு துண்டு தனியாக வேண்டும்.