பிரஷரும் சிறுநீர் ஹார்மோன் டெஸ்டும்: எங்கே தவறுகிறோம்?

பிரஷர் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் டெஸ்ட் வேண்டியதில்லை. சின்ன வயதிலேயே பிரஷர், மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், திடீர் திடீரென்று தலைவலியும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வருவது என்றிருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருந்து இந்த ஹார்மோன்களைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி உண்டா என்று பார்க்க டாக்டர் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்க்கச் சொல்வார்.

தவறு பெரும்பாலும் காலையிலேயே தொடங்கிவிடும். ஆறு மணிக்கு எழுந்து போகும் முதல் சிறுநீரையும் கேனில் ஊற்றிவிடுவார்கள். அது இரவெல்லாம் பையில் தேங்கியது, கணக்கில் வராது. அதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வருவதெல்லாம் கேனுக்கு; மறுநாள் ஆறு மணிக்குப் போவதும் கேனுக்குத்தான். நடுவில் ஒரு தடவை விட்டுப்போனால் லேபில் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல்.

அட்ரினலின் வகை டெஸ்டுக்குத் தரும் கேனின் அடியில் பெரும்பாலும் கொஞ்சம் ஆசிட் இருக்கும். ஹார்மோன் சிதையாமல் காப்பது அதுதான். அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். நேரே கேனில் போகவும் கூடாது, தெறித்தால் தோல் வெந்துவிடும். மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். கார்ட்டிசால் என்ற இன்னொரு ஸ்ட்ரெஸ் ஹார்மோனுக்கு ஆசிட் தேவையில்லை என்பதால் இரண்டு கேன் தந்தால் மாற்றிவிடாதீர்கள். ராமேஸ்வரம் வெயிலில் கேனைத் திண்ணையில் வைப்பதும் தப்பு. ஃப்ரிட்ஜில் வைக்க மனசு வரவில்லையா? மீனுக்கு ஐஸ் போடுகிற ஊரில் இதற்கென்று தனியாக ஒரு ஐஸ் பெட்டி கிடைக்காமலா போகும்!

இரவெல்லாம் கண்விழித்து வலை இழுத்த நாளில் சேர்த்தால் அட்ரினலின் தானாகவே ஏறியிருக்கும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்கும் இதே கதைதான். அவசரமில்லை என்று டாக்டர் சொன்னால், விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் வசதி.

மூக்கடைப்பு மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, காபி எல்லாமே முடிவைக் குழப்பலாம். அதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்துவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையைச் சட்டென்று விட்டால் பிரஷர் எகிறிவிடும்.

2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பிரஷர் இல்லாத 412 பேரைப் பார்த்தது. சிறுநீரில் இந்த ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் இரட்டிப்பாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் பிரஷர் வரும் அபாயம் 21 முதல் 31 சதவீதம் கூடுதல். கூடுதல் வாய்ப்பு, அவ்வளவுதான். ஹார்மோன் ஏறியவருக்கெல்லாம் பிரஷர் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

ரிப்போர்ட் வந்ததும் ஹார்மோன் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். மொத்தச் சிறுநீர் அளவும், உடல் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினும் போட்டிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். கிரியாட்டினின் ரொம்பக் குறைவென்றால், ஒரு வேளைச் சிறுநீர் கேனுக்கு வராமலே போயிருக்கலாம்.