கெட்டிக்காரப் பிள்ளையைச் சட்டாம்பிள்ளை ஆக்காதீர்கள்: அரசுப் பள்ளியில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் என் பக்கத்தில் ஓர் இளம் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். தன் ஏழாம் வகுப்பைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தவர், "எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்குதுங்க சார். எந்தக் கணக்கைக் குடுத்தாலும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுரும். மத்த பசங்க நோட்டைக் கூட அதுவே திருத்திரும். எனக்குப் பாதி வேலை மிச்சமுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை, இதே பெருமையோடு நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு பிள்ளை கொடுத்த விலையும் எனக்குத் தெரியும்.

நான் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மற்றவர்களைவிடக் கூடுதல் திறமை உள்ளவர்களை மீத்திறன் மாணவர்கள் என்று பதிவேட்டில் எழுதுகிறோமே, அந்தப் பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் என்ன செய்வது என்பதில் நான் செய்த தவறுகளையே புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள். மார்க் மட்டுமே திறமை ஆகாது, பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசக்கூடாது என்பதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீக்கிரம் முடித்த பிள்ளையை உதவிக்கு வைத்துக்கொள்வது

இது ஒன்றைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன். இன்றைக்கும் என்னால் ஆற முடியாதது இதுதான்.

2013 ஜூனில் ஏழாம் வகுப்புக்கு ஒரு பெண் வந்தாள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பா இல்லை. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்துத் திரும்புவதற்குள் "போட்டுட்டனுங்க சார்" என்று குரல் வரும். வகுப்பில் 42 பேர். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாதவர்கள் மட்டும் பத்துப் பேருக்கு மேல். அவர்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த எனக்கு அவள் கடவுள் அனுப்பிய துணை மாதிரித் தெரிந்தாள்.

"முடிச்சிட்டியா கண்ணு? சரி, அந்தப் பசங்களுக்குச் சொல்லிக் கொடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு நோட்டுத் திருத்த என் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். மெல்லக் கற்போருக்கு வாய்ப்பாடு கேட்கும் வேலை, வருகைப் பதிவின் எண்ணிக்கையைச் சத்துணவுக் கூடத்துக்குக் கொண்டுபோகும் வேலை, நான் ஹெச்.எம் அறைக்குப் போனால் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை எல்லாம் அவள் தலையில் வந்து சேர்ந்தன. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவனை வைத்திருப்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன். பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மாவிடம், "உங்க பொண்ணு எனக்கு வலது கை மாதிரிங்க" என்றேன். அந்த அம்மா கண் கலங்கிக் கும்பிட்டார்.

இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை என் வகுப்பில் புதிதாகக் கற்றுக்கொண்டது என்ன? ஒன்றுமில்லை. அவளுக்கு முன்பே தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பு அரையாண்டுக்குள் "போட்டுட்டனுங்க சார்" நின்றுபோனது. கணக்கை முடித்துவிட்டு நோட்டின் மேல் கையை மடித்து வைத்துக்கொள்வாள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் எழுதிய எண்ணின் மேலேயே பென்சிலால் மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பாள். 8 என்ற எண் தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். வயதுக்கு வந்த பிள்ளை, கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். முடித்துவிட்டேன் என்று சொன்னால் வேலை வரும் என்பதால் முடிக்காத மாதிரிக் காட்டிக்கொள்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வருடம் என்.எம்.எம்.எஸ் தேர்வு எழுதினாள். எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற உதவித்தொகைக்கான தேர்வு அது. இப்போது மாதம் 1,000 ரூபாய், அப்போது 500. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடத்துக்கு 24,000 ரூபாய் அந்த வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. அவள் எடுத்துவிடுவாள் என்பதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இருக்கவில்லை.

எடுக்கவில்லை. யோசித்து விடை காண வேண்டிய மனத்திறன் தாளில் பாதிக்கு மேல் தொடவே இல்லை.

"ஏன் கண்ணு விட்டுட்டே?"

"பாத்த உடனே தெரியலைங்க சார். உடனே தெரியலைன்னா அது எனக்கு வராதுன்னு விட்டுட்டனுங்க."

அந்தப் பதிலை நான் மறக்கவே மாட்டேன். பார்த்தவுடன் விடை தெரியாத கணக்கை அதுவரை அவளுக்கு யாருமே கொடுத்ததில்லை. ஒரு கணக்கோடு அரைமணி நேரம் முட்டி மோதுவது எப்படி இருக்கும், தப்பான வழியில் போய்த் திரும்பி வருவது எப்படி என்பது அவளுக்குத் தெரியாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவனுக்குக்கூடத் தினமும் அந்தப் பழக்கம் கிடைத்தது. அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஆசிரியராக இருந்த நான் அவளுக்கு மட்டும் ஆசிரியராக இல்லை.

வருடக் கடைசியில் பழைய நோட்டுகளை எடைக்குப் போட எடுத்தபோது அவளுடைய ஏழாம் வகுப்பு நோட்டு கையில் வந்தது. முன்பக்கமெல்லாம் என் சிவப்பு டிக், 'குட்'. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பென்சிலில் இப்படி எழுதியிருந்தாள்:

1 = 1
3 + 5 = 8
7 + 9 + 11 = 27
13 + 15 + 17 + 19 = 64
21 + 23 + 25 + 27 + 29 = 125

ஒற்றை எண்களை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று கூறுபோட்டுக் கூட்டினால் கன எண்கள் வருகின்றன. ஏழாம் வகுப்புப் பாடத்தில் இது கிடையாது. யாரும் சொல்லாமல், மற்ற பிள்ளைகளின் நோட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் அவளாகக் கண்டுபிடித்திருக்கிறாள். கீழே "ஏன்?" என்று எழுதி, சுற்றி ஒரு கட்டம் போட்டிருந்தாள்.

அந்தக் கேள்வி அந்தப் பக்கத்திலேயே இரண்டு வருடம் கிடந்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் நடு எண்ணையோ சராசரியையோ பார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்றாவது வரியின் நடுவில் 9, அப்படி மூன்று 9; நான்காவது வரியின் சராசரி 16, அப்படி நான்கு 16. மீதியை அவளே பிடித்திருப்பாள்.

சக மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்கும்போது நமக்கே தெளிவு வரும், அது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாரத்தில் ஒரு நாள், அந்தப் பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் மட்டும். அவள் படிப்புக்கு உரிய நேரத்தை எடுத்து அல்ல. திருத்துவது நம் வேலை, அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: சீக்கிரம் முடிக்கும் பிள்ளைக்கு ஒரு தனி நோட்டு. அதில் வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கு. உதாரணமாக, 1/7ஐத் தசமமாக வகுக்கச் சொல்வேன். 0.142857 என்று ஆறு இலக்கம் வந்து, மறுபடி அதே ஆறு. பிறகு 2/7, 3/7. அதே இலக்கங்கள் வட்டமாகச் சுற்றி வேறு இடத்தில் ஆரம்பிப்பதைப் பிள்ளை பார்க்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அப்போது, "சரி, 13க்கும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். 1/13க்கு 076923 வரும். 2/13க்கு அந்த வட்டத்தில் இல்லாத 153846 வரும். நம்பிய விதி அங்கே உடையும். தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து மூன்று முறை வகுத்துப் பார்ப்பார்கள். அந்த மூன்று முறைதான் எனக்கு வேண்டும்.

அதே கணக்கை இன்னும் பத்துக் கொடுப்பது

வேகமாக முடித்ததற்குத் தண்டனை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

தமிழ் வாசிக்கத் தடுமாறினால் மெல்லக் கற்போர் பட்டியலில் போடுவது

திருப்பூர்ப் பக்கம் இது அன்றாடம் நடக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில்தான் சேர்கிறார்கள். பாடப்புத்தகத்தை வாசிக்க முடியாததால் நேராக அந்தப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஆறாம் வகுப்பில் அப்படி ஒரு பையன். பேச்சே இல்லாத ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு தீப்பெட்டியைக் கவிழ்த்தேன். குச்சிகளால் ஒரு முக்கோணம், பிறகு அதையே இரண்டு அடுக்கு, மூன்று அடுக்குப் பெரிய முக்கோணமாக வைத்துக் காட்டினேன். 3, 9, 18 குச்சிகள். பத்து அடுக்குக்கு எத்தனை என்று விரல்களை விரித்துக் காட்டினேன். மற்ற பிள்ளைகள் நான்காவது அடுக்கை அடுக்க ஆரம்பித்தார்கள். இவன் குச்சியைத் தொடவில்லை. மேல்நோக்கி நிற்கும் முக்கோணங்களை மட்டும் விரலால் தொட்டு எண்ணினான்: ஒன்று, மூன்று, ஆறு. பிறகு மூன்று விரலைக் காட்டினான். எல்லாக் குச்சியும் மேல்நோக்கிய ஏதாவது ஒரு முக்கோணத்தில்தான் இருக்கிறது, ஒரே ஒரு முறை. அதனால் அந்த முக்கோணங்களை எண்ணி மூன்றால் பெருக்கினால் போதும். 55 முக்கோணம், 165 குச்சி. சிலேட்டில் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் பெயர் அப்போது என் மெல்லக் கற்போர் பதிவேட்டில் நான்காவதாக இருந்தது.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதேதான். கேள்வியை ஒரு முறை நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். விடை வருகிறதா என்று அதற்கப்புறம் பாருங்கள்.

தேர்வுப் பயிற்சியோடு கடமை முடிந்தது என்று நினைப்பது

என்.எம்.எம்.எஸ் தேர்வில் மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். அதற்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும், நானும் கொடுக்கிறேன். ஊரகப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு டிரஸ்ட் என்ற திறனாய்வுத் தேர்வும், மேல் வகுப்புக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் இருக்கின்றன. தகுதியுள்ள ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது. ஆனால் ஒரு நிமிடக் கேள்வியை மட்டுமே வருடம் முழுவதும் பழக்கினால், நீண்ட நேரம் யோசிக்கும் பிள்ளையை நாமே வேகக் கணக்குக்குத் திருப்பிவிடுகிறோம். இரண்டும் நடக்கட்டும்.

எட்டாம் வகுப்பிலிருந்து பத்துப் பேரை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதல் மாதம் எல்லாரும் உட்காரட்டும். நீங்கள் நினைக்காத ஒருவர் கட்டாயம் வெளியே வருவார்.

உதவித்தொகை கிடைத்ததும் மறந்துவிடுவது

ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். தனியார் பள்ளிக்கு மாறினால் தொகை நின்றுவிடும். இரண்டையும் பெற்றோருக்கு எட்டாம் வகுப்பு முடியும் முன்னரே உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

மேடையில் ஏற்றி "வருங்காலக் கலெக்டர்" என்பது

வேண்டாம்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லக் கூச்சப்படுவது

அந்தத் தசமக் கணக்கைச் செய்த ஒரு பையன் சென்ற வருடம் கேட்டான்: "சார், 7க்கு ஒரே வட்டம், 13க்கு ரெண்டு. 17க்கும் ஒண்ணுதான் வருது. ஒரே வட்டம் வர்ற எண்ணு இன்னும் எத்தனைங்க சார் இருக்கும்? முடிவே இல்லாம வந்துட்டே இருக்குமா?"

பழைய நானாக இருந்தால், "அதெல்லாம் பெரிய வகுப்புல வரும், உட்காரு" என்றிருப்பேன். எனக்குத் தெரியாது, தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் உட்கார்ந்து தேடினேன். அப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எமில் ஆர்ட்டின் என்ற கணித அறிஞர் 1927இல் வைத்த ஊகத்தோடு சேர்ந்த கேள்வி அது. மறுநாள் போய், "நீ கேட்டதுக்கு உலகத்துல யாருக்குமே இன்னும் விடை தெரியாதாம் தங்கம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நோட்டை வாங்கிக்கொண்டு போய் 19ஐ வகுக்க ஆரம்பித்தான்.

அந்த இளம் ஆசிரியையிடம் கூட்டம் முடிந்ததும் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்சம் முகம் வாடினார். ஆனாலும் 1/7ஐ எழுதி வாங்கிக்கொண்டார். போன வாரம் அந்தப் பெண்ணின் நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார். 13ஐத் தாண்டி 17ஐ வகுத்துக்கொண்டிருக்கிறாள். இடம் போதாமல் நோட்டைத் திருப்பி ஓரத்தில் எழுதியிருக்கிறாள். பதினோராவது இலக்கத்தில் ஒரு கழித்தல் தவறு, அதற்கப்புறம் வந்தவை எல்லாம் மாறிப்போயிருந்தன. "சொல்லிடட்டுங்களா சார்?" என்று கீழே கேட்டிருந்தார். சொல்ல வேண்டாம், 2/17ஐயும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன்.