ஹெட் கேஸ்கட் போச்சு என்று சொல்வதற்கு முன்

செங்கலடியிலிருந்து பதுளை போகிற வழியில், பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் காரின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் "ஹெட் கேஸ்கட் போச்சு" என்று தீர்ப்புச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. என்ஜின் புளொக்குக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் இடையில் இருந்து, எரிந்த வாயு, ஒயில், கூலன்ட் (என்ஜினை ஆற்றும் திரவம்) மூன்றும் கலக்காமல் தடுக்கும் தகடுதான் அது. ஹெட்டைக் கழற்றிய பிறகு பார்த்தால் கேஸ்கட் நல்லாகவே இருக்கும். கழற்றிய செலவு நம் தலையில்.

சூடாவதை மட்டும் சாட்சியாக எடுக்கக் கூடாது. ஃபேன் சுற்றாவிட்டாலும், என்ஜின் சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் தேர்மோஸ்டாட் திறக்காவிட்டாலும், வாட்டர் பம்ப் தேய்ந்தாலும் முள் ஏறத்தான் செய்யும். கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கூலன்டுக்குப் பதிலாக ஊற்றிவந்த ரேடியேட்டர் உள்ளே துருவும் உப்பும் படிந்து அடைத்திருக்கும். ரேடியேட்டரின் மலிவான மூடியை யாரும் கவனிப்பதில்லை. அதில் 0.9 அல்லது 1.1 என்று பார் அளவு போட்டிருக்கும். அந்த அழுத்தத்தை அது பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியே தள்ளும். முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள், அதுவும் என்ஜின் ஆறிய பிறகு. தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடுவது வைத்தியமே இல்லை, நோயை மறைக்கிற வேலை.

அதிகம் ஏமாற்றுவது ஒயில் மூடியின் அடியில் ஒட்டும் வெள்ளைப் பசை. கல்லடிக்கும் மட்டக்களப்பு டவுனுக்கும் மட்டும் ஓடுகிற காரில் என்ஜின் முழுதாகச் சூடேறாது. மாரி காலத்து ஈரம் உள்ளே படிந்து ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பாருங்கள். அதிலும் ஒயில் பால் தேத்தண்ணி நிறமாகி, மட்டமும் கூடியிருந்தால்தான் கவலை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒயில் சுத்தம், அதனால் கேஸ்கட் நல்லது என்று முடிவெடுக்கவும் முடியாது. சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் இடையில் மட்டும் கேஸ்கட் விட்டிருந்தால் ஒயிலுக்குள் ஒரு சொட்டும் போகாது. 2009 முதல் 2015 வரை வந்த தலைமுறை டொயோட்டா பிரியஸில் அடிக்கடி பார்ப்பது இதுதான். இரவில் கொஞ்சம் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது என்ஜின் உதறும், அப்புறம் சரியாகிவிடும். பிளக், கொயில் என்று மாற்றி மாற்றியே காசு கரையும்.

காலையில் சைலன்சரில் வரும் வெள்ளை ஆவி சாதாரணம். சூடேறிய பிறகும் நிற்காமல், கூலன்டும் குறைந்துகொண்டே போனால் சந்தேகப்படலாம். கூலன்ட் மாற்றியதும் வரும் குமிழி பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்றுதான்.

உண்மை தெரிய வேண்டுமென்றால், எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனையைக் கேளுங்கள். பெற்றோல் என்ஜினில் வாயு இருந்தால் திரவம் மஞ்சளாகும். டீசலுக்குச் சில கிட்டுகளில் திரவம் வேறு. கூலன்ட் சோதனைக் குழாய்க்குள் ஏறிவிட்டால் முடிவை நம்பக் கூடாது. ஒரு தடவை நிறம் மாறாததாலும் விட்டுவிட வேண்டாம், சின்னக் கசிவு சில வேளை தப்பிவிடும். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற கொம்பிரஷனும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டிலும் குறைந்திருந்தால் சந்தேகம் கேஸ்கட் மேல்தான்.

கழற்றியே ஆகவேண்டும் என்றால், புதுக் கேஸ்கட்டைப் போட்டு உடனே மூட விடாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்க்க வேண்டும். பல பெற்றோல் என்ஜின்களில் 0.05 மில்லிமீற்றர் வளைவுதான் எல்லை. இறுக்கும்போது நீளும் வகைப் போல்ட் என்றால் அதையும் புதிதாகவே வாங்குங்கள்.