மார்கான்ஷியா தாலஸை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

ஈரம் காயாத மண்ணில் பச்சை நாடாவைப் போல ஒட்டிப் படர்ந்து, நுனியில் இரண்டிரண்டாகக் கிளைத்திருந்தால் அது மார்கான்ஷியா என்ற லிவர்வொர்ட் வகைச் சிறு தாவரமாக இருக்கலாம். மேலே குட்டிக் கிண்ணங்களும் தெரிந்தால் அநேகமாக அதேதான். வேர், தண்டு, இலை என்று பிரித்துக் காட்ட அதில் எதுவும் இல்லை. அந்த முழு உடலுக்கும் தாலஸ் என்று பெயர். தட்டையாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே அழகான அறைகள் இருக்கின்றன.

முதலில் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, மெல்லிய தூரிகையால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஒரு மணல் துகள் மிச்சமிருந்தாலும் பிளேடின் முனை போய்விடும். பிறகு கைலென்ஸில் மேற்பரப்பைப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் காற்றுத்துளை.

இனி வெட்டுவது. நான் பல நாள் தடுமாறியது இங்கேதான். தாலஸை விரல்களுக்கிடையில் பிடித்து வெட்டினேன். ஒவ்வொரு முறையும் அறைகள் நசுங்கி, வெறும் பச்சைக் கூழ்தான் தெரிந்தது. கேரட் துண்டில் ஒரு பிளவு கீறி, தாலஸை அதில் நிமிர்த்திச் செருகி, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே சீவியபோதுதான் சரியாக வந்தது. பிளேடைத் தண்ணீரில் நனைத்து, ஒரே இழுப்பில் சீவுங்கள். ரம்பம் போல அறுக்க வேண்டாம். புது ஷேவிங் பிளேடே போதும், ஸ்கால்பெல் இதற்குத் தடிமன். இருபது சீவல்களாவது எடுத்து, கண்ணாடி போலத் தெரிவதை மட்டும் தூரிகையால் தூக்கி ஸ்லைடில் வையுங்கள். ஒரு துளி தண்ணீர், மேலே கவர்ஸ்லிப், அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: உருளைக்கிழங்கில் செருகி வெட்டிய ஒருவர், அயோடின் விட்டதும் எல்லாமே நீலமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அயோடின் பட்டால் ஸ்டார்ச் நீலமாகும்; அது கிழங்கிலிருந்து சிதறிய ஸ்டார்ச். அதனால்தான் கேரட் என்கிறேன். அதன் சீவலை நிறத்தை வைத்தே ஒதுக்கிவிடலாம். அறைகள் கறுப்பாகத் தெரிகின்றன என்று இன்னொருவர் கேட்டிருந்தார். உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. சீவலைச் சிறிது நேரம் நீர்த்த ஆல்கஹாலில் போட்டெடுங்கள்.

100 மடங்கில் பார்த்தால் மேலே அறைகள், அவற்றின் தரையிலிருந்து கள்ளிச்செடி போல எழும் பச்சைச் செல் சரங்கள். துளையைச் சுற்றிச் செல்கள் வளையம் வளையமாக அடுக்கிப் பீப்பாய் போல நிற்கும். இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்கள் இங்கே கிடையாது. கீழே நிறமற்ற சேமிப்புச் செல்கள். அப்புறம் 400 மடங்குக்கு மாற்றி, அடிப்பக்கத்தில் வேர் போல நீளும் ரைசாய்டு இழைகளைத் தேடுங்கள். சில வழவழப்பாக இருக்கும். சிலவற்றின் உட்சுவரில் முளை முளையாக நீட்டிக்கொண்டிருக்கும்.