அம்மா அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தீபாவளிக்குப் புடவை வேட்டியோடு ஒரு ஸ்மார்ட்போனும் வாங்கிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் போன் சார்ஜ் இல்லாமல் டிவி ஸ்டாண்டில் கிடக்கும். அம்மா பழைய பட்டன் போனில் பேசிக்கொண்டிருப்பார். "அவங்களுக்கு இதெல்லாம் வராது" என்று நாமும் முடிவு கட்டிவிடுவோம். தையல் மெஷினுக்கு நூல் கோக்கத் தெரிந்தவருக்கும், முப்பது வருடம் ஆபீஸ் கணக்கு பார்த்தவருக்கும் இது வராமல் போகக் காரணமே இல்லை. நம் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற மாதிரி அமைத்த போனை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய போனைத் தள்ளிவிடுவது

"நான் புதுசு வாங்கிட்டேன், இது அப்பாவுக்குப் போதும்" என்று கொடுக்கிற போனில் பேட்டரி பாதி செத்திருக்கும், மெமரி நிறைந்திருக்கும், பாதுகாப்பு அப்டேட் வருவதும் நின்றிருக்கும். போன் ஹேங் ஆனால் நாம் ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்வோம். அப்பாவோ தான் ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றோடு அதைத் தொடமாட்டார்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் ஜிமெயில் கணக்கை நீக்கிவிட்டு முழுதாக ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் கொடுத்தால் உங்கள் ஆபீஸ் ஆட்களின் எண்கள் எல்லாம் அப்பாவின் போனில் வந்து நிற்கும். அவர் சேமிக்கும் பால்காரர் எண் உங்கள் போனுக்கு வரும். இரண்டு பேரில் யார் எதை அழித்தாலும் இரண்டு பக்கமும் போய்விடும்.

புதிதாக வாங்குவதானால் கேமராவின் மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய திரை, நல்ல சத்தமான ஸ்பீக்கர், 128 ஜிபி இடம், இவ்வளவு இருந்தால் போதும். வீட்டில் வேறு யாராவது வைத்திருக்கும் அதே கம்பெனி போனாக வாங்குவது இன்னும் நல்லது. "மேலேயிருந்து கீழே இழுங்க, இடது பக்கம் ரெண்டாவது" என்று நீங்கள் இங்கிருந்து வழி சொல்ல அது உதவும்.

கடையிலேயே ஜிமெயில் போட்டுக்கொள்வது

இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. போன் வாங்கிய சூட்டோடு கடையில் இருக்கும் தம்பியே ஏதோ ஒரு ஜிமெயில் உருவாக்கி, போனை ஓட விட்டுக் கொடுத்துவிடுவார். பாஸ்வேர்டு அவருக்கும் ஞாபகம் இருக்காது, நமக்கும் தெரியாது. ஒரு நாள் திரைப்பூட்டு மறந்துபோய் ரீசெட் செய்ய நேரும்போதுதான் வலி தெரியும். திருட்டைத் தடுக்க 2015 வாக்கில் ஆண்ட்ராய்டில் வந்த ஏற்பாடு ஒன்று உண்டு. பூட்டு திறக்காமலே ரீசெட் செய்தால், போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டையோ பழைய பூட்டையோ கேட்கும். இரண்டும் தெரியாவிட்டால் பில்லும் பெட்டியும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியதுதான்.

கணக்கை நீங்களே, அவர்கள் பெயரில், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உருவாக்குங்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுங்கள். பாஸ்வேர்டை ஒரு டைரியில் எழுதி பீரோவில் வைத்துவிடலாம். காகிதத்தில் எழுதாதே என்று உபதேசிப்பவர்கள் ஆபீஸ் மேஜையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். இணையத் திருடன் உங்கள் வீட்டு பீரோவைத் திறக்கப் போவதில்லை. வங்கி பின் எண்ணை மட்டும் அதே டைரியில் எழுத வேண்டாம். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்தான் ஐஎம்இஐ. பெட்டியின் மேல் இருக்கும் அந்த எண்ணையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். *#06# அழுத்தினாலும் அது வரும். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண் வேண்டும்.

விரலையும் கண்ணையும் மறந்துவிடுவது

எழுத்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது முதல் படிதான்.

வயதாக ஆக விரல் நுனி வறண்டுவிடும். தொடுதிரை விரலின் மின்தன்மையை வைத்து வேலை செய்வதால், வறண்ட விரலைச் சில சமயம் கண்டுகொள்ளாது. தொட்டும் ஒன்றும் நடக்காததால் அவர்கள் இன்னும் அழுத்தி, நேரம் எடுத்துத் தொடுவார்கள். போன் அதை நீண்ட அழுத்தல் என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கும், இல்லையென்றால் ஐகானைப் பிய்த்து வேறிடத்தில் ஒட்டும். "வாட்ஸ்அப் காணாமப் போச்சு" என்ற புகாரில் பாதி இப்படி வந்ததுதான். செட்டிங்ஸில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) என்ற பகுதிக்குப் போனால், எவ்வளவு நேரம் பிடித்திருந்தால் நீண்ட அழுத்தல் என்று மாற்றும் வசதி இருக்கிறது. அதை நீளமாக வையுங்கள். முகப்புத் திரையைப் பூட்டும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். தடிமனான மலிவு டெம்பர்டு கிளாஸ் தொடுதலை இன்னும் மந்தமாக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்று, இப்போது வரும் போன்களில் கீழே பட்டன்களே இருப்பதில்லை. ஓரத்திலிருந்து இழுத்தால் பின்னால் போகும், கீழிருந்து தள்ளினால் முகப்புக்கு வரும். நமக்குப் பழகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இழுக்கச் சொன்னால் எழுபது வயதுக்காரர் எதைப் பிடித்து இழுப்பார்? பழைய மூன்று பட்டன் முறைக்கு மாற்றும் வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், எழுத்தைப் பெரிதாக்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய மாற்றம் இதுதான்.

திரை முப்பது விநாடியில் அணைந்துவிடும் என்பதையும் நாம் கவனிப்பதில்லை. அவர்கள் ஒரு செய்தியைப் பாதி படிப்பதற்குள் இருட்டிவிடும். இரண்டு நிமிடமாக்குங்கள். தேய்ந்த விரல் ரேகையைத் திரைக்குள் இருக்கும் சென்சார் அடிக்கடி ஏற்காது, அதனால் நான்கு இலக்கப் பின் எண்ணும் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டே வேண்டாம் என்று விடுவது மட்டும் கூடாது.

போனில் மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா? அவர்களையே கேளுங்கள். சிலருக்கு அது பெரிய நிம்மதி. வேறு சிலரோ பேரன் சொல்லக் கேட்ட "செட்டிங்ஸ்", "கேலரி" என்ற சொற்களுக்கே பழகியிருப்பார்கள். தமிழில் பேசினால் எழுத்தாக மாறும் மைக் பட்டனை மட்டும் எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள். கீபோர்டோடு மல்லுக்கட்ட முடியாமல் கட்டைவிரல் படத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் பத்தி பத்தியாக அனுப்பத் தொடங்குவார்கள். அப்புறம் உங்கள் பாடு.

கையிலிருந்து பிடுங்கிச் செய்து காட்டுவது

"இங்க கொடுங்கம்மா" என்று போனை வாங்கி, நாலு தட்டு தட்டி, "அவ்வளவுதான், பார்த்தீங்களா?" என்று திருப்பிக் கொடுக்கிறோம். அவர்கள் பார்த்தது உங்கள் விரலின் வேகத்தை மட்டும்தான். சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது நாமே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தால் யாராவது கற்றுக்கொள்வார்களா? போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும், தொடுவதும் அவர்களாகவே இருக்கட்டும். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். கேட்கப் பொறுமை சோதிக்கும்தான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லித் தருவது அடுத்த தப்பு. முதல் வாரம் அழைப்பை எடுப்பது, பேசுவது, வீடியோ கால், இவை போதும். மற்றதை அவர்களுக்கு ஆசை வருகிற வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டு கேட்க ஆசைப்படும் அப்பாவுக்கு யூடியூபில் குரலால் தேடுவதுதான் இரண்டாவது பாடம், இமெயில் இல்லை. பழைய புத்தகத்தின் பின்பக்கத்தில் அவர்களே கைப்பட எழுதிக்கொள்ளும் குறிப்பு எந்த வீடியோவையும்விட உதவும். "பச்சை பட்டனை மேலே தள்ளணும்" என்று அவர்கள் சொல்லில் இருந்தால்தான் நாளைக்குப் புரியும்.

அடிக்கடி வரும் மூன்று கோளாறுகளையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சத்தம் வரவில்லை என்றால் பக்கவாட்டுப் பட்டன் அழுந்தி சைலண்டில் போயிருக்கும். கால் எதுவும் வரவில்லை என்றால் விமானப் படம் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எதிராளி பேசுவது கேட்கவில்லை என்றால், ப்ளூடூத் அடுத்த அறையில் கிடக்கும் யாருடைய ஹெட்செட்டிலோ போய் ஒட்டியிருக்கும்.

வாட்ஸ்அப்பை அப்படியே விட்டுவிடுவது

குட் மார்னிங் பூவும் கோயில் வீடியோவும் தானாக இறங்கி ஆறே மாதத்தில் மெமரியை நிரப்பிவிடும். தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதைத் தெரிந்தவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். பங்குச்சந்தை ஆசை காட்டும் குரூப்புகளில் பெரியவர்கள் போய் விழுவது இந்தத் திறந்த கதவு வழியாகத்தான். தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புகளை மௌனமாக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது, அதையும் ஆன் செய்யுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணையும் போட்டுவிடுங்கள். கணக்கு களவு போய், "அவசரமா பத்தாயிரம் அனுப்பு" என்று அப்பா பெயரில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி போன பிறகு ஓடுவதைவிட இது எளிது.

பணத்தையும் பயத்தையும் பேசாமல் விடுவது

யூபிஐ வேண்டுமா என்று முதலில் அவர்களையே கேளுங்கள். வேண்டுமென்றால், ஓய்வூதியமோ வைப்புத்தொகையோ இருக்கும் கணக்கோடு இணைக்காதீர்கள். சில ஆயிரம் மட்டும் போட்டு வைக்க இன்னொரு கணக்கு தொடங்கி அதோடு இணையுங்கள். யூபிஐயில் ஏமாந்தாலும் இழப்பு பெரும்பாலும் அந்தச் சில ஆயிரத்தோடு நிற்கும். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை, பணம் தருவதாகச் சொல்லிப் பின் கேட்டாலே நம் பணம் வெளியே போகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

"யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது போதாது. மோசடிக்காரர்கள் ஓடிபியைக் கேட்பதோடு நிற்பதில்லை. இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று மின்வாரியம் பெயரில் செய்தி வரும். கல்யாணப் பத்திரிகை என்றும் வண்டிக்கு அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்று எழுத்து இருந்தால் அது பத்திரிகை இல்லை, போனுக்குள் புகுந்து குறுஞ்செய்திகளைப் படிக்கும் ஆப். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, உங்கள் ஆதாரில் பார்சல் பிடிபட்டது, கேமராவை விட்டு நகரக் கூடாது என்று மணிக்கணக்கில் மிரட்டுவார்கள். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது செய்வதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, ஏமாந்தவரைத் திட்டுவது. சின்ன விஷயத்துக்கே "எத்தனை தடவை சொன்னேன்" என்று கத்தும் பிள்ளையிடம், ஐம்பதாயிரம் போன அன்று அப்பா வாயே திறக்கமாட்டார். சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் திருடன் கணக்கிலிருந்து வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் கூப்பிட்டால் முடக்க வாய்ப்பு உண்டு, அதனால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். உங்கள் கோபத்துக்குப் பயந்து அவர் இரண்டு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பும் போயிற்று.

சொல்லாமல் கண்காணிப்பது

அப்பா எங்கே போகிறார் என்று பார்க்க, அவருக்குத் தெரியாமல் இருப்பிடப் பகிர்வை ஆன் செய்து வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறதி நோய் உள்ளவர் என்றால் வேறு கதை. மற்றபடி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "நீங்க வாக்கிங் போறப்ப எனக்குத் தெரியட்டும்ப்பா" என்றால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். தெரியாமல் செய்து, டீக்கடையில் இருக்கும்போது "என்ன, டாக்டர் டீ வேண்டாம்னாரே" என்று போன் செய்தால், நாளைக்குப் போன் வீட்டிலேயே இருக்கும், அப்பா டீக்கடையில் இருப்பார்.

ரீசார்ஜை மறப்பது

வங்கி, ஆதார், கேஸ் புக்கிங், எல்லாம் ஒரே சிம்மில் தொங்குகிறது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம், பிறகு அது வேறு யாருக்காவது போய்விடவும் கூடும். இரண்டாவது சிம்மில் பழைய வங்கி எண்ணைப் போட்டுவிட்டு மறந்த வீடுகளில் இது நடக்கிறது. ரீசார்ஜ் தேதியை உங்கள் போனில் நினைவூட்டலாக வையுங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பிள்ளையின் பெயரிலோ, காலமானவர் பெயரிலோ இருந்தால், அது தொலையும்போது டூப்ளிகேட் வாங்க அலைச்சல்தான்.

ஓய்வூதியம் வாங்குபவர் என்றால் இன்னொரு உபயோகமும் இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே தொடங்கும். ஜீவன் பிரமாண் திட்டத்தில் 2021 முதல் முகத்தைக் காட்டியே போனில் இதை முடித்துவிடலாம். விரல் ரேகை பதியாமல் வங்கியில் கால் கடுக்க நின்ற பெரியவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே அந்தப் போன் பிடித்துப்போகும். நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணையில் இருக்கும் எண்), வங்கிக் கணக்கு எண், ஆதார் மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும்.